பெட்டிக்குள் என் தொண்டை

எழுந்திரு ராசா, எழுந்திரு. பொத்தானை அழுத்தியாயிற்று, விசிறி சுற்றுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, ‘பீப்’ என்று ஒரு சத்தமும் கொடுத்துவிட்டாய், இன்னும் என்ன பிகு, எழுந்து வா. வரவில்லை. மறுபடியும் அதே கறுப்புத் திரை. மேலே ‘க்ரப்’ என்று ஒரு சொல், அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மினுக் மினுக்கென்று கண்ணடிக்கிறது. இந்தக் ‘க்ரப்’ சாதாரணமாக என் கண்ணிலேயே படாத ஆள். கம்ப்யூட்டரை நடத்துகிற லினக்ஸ் உள்ளே தூங்கும், அதைத் தட்டி எழுப்புவது ஒன்றுதான் அவனுக்கு வேலை. எழுப்பிவிட்டுச் சத்தம் போடாமல் ஒதுங்கிக்கொள்வான். இன்றைக்கு என்னவோ, எழுப்பவும் மாட்டேன் என்கிறான், ஒதுங்கவும் மாட்டேன் என்கிறான், வாசலில் நின்றுகொண்டு ‘உனக்கு என்ன வேணும்?’ என்று என்னையே கேட்கிறான். என்ன வேணுமா? என் குரல் வேணும் அப்பனே. உள்ளே இருப்பது என் குரல். இதை நாலு வார்த்தை சத்தமாகச் சொல்லித் திட்டலாம் என்றால் திட்டுவதற்கான சாமானும் உள்ளேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. இப்போதெல்லாம் நான் சிரித்தால் சத்தம் வராது, வயிறு குலுங்கும், கழுத்தில் தொங்குகிற வெள்ளைத் துணி படபடக்கும், அவ்வளவுதான். போன தை மாசம் தொண்டையில் வந்ததை வெட்டி எடுத்தபோது குரல்பெட்டியையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். மூச்சுக்குக் கழுத்தில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குக் காவலாக இந்தத் துணி. உயிர் மிஞ்சியது, பசி மிஞ்சியது, கோபம் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே மிஞ்சியது. பாளையங்கோட்டையில் எந்தக் கோயில் கொடை விழா, எந்தக் கல்யாணம், எந்தக் கபடிப் போட்டி என்றாலும் திரவியம் சவுண்ட் சர்வீஸ்தான்; ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவதும் நான்தான், மைக்கைப் பிடித்துக் கத்துவதும் நான்தான். அந்தத் திரவியம் இப்போது ஒரு கீபோர்டுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சரி, மறுபடியும் அணைத்துப் போடு. பச்சை விளக்கு, பீப், கறுப்பு, க்ரப். நாசமாய்ப் போக. இல்லை இல்லை, இன்றைக்கு அப்படிச் சொல்லக் கூடாது, நல்ல நாள்.

நல்ல நாள் என்பதால்தான் இவ்வளவு பதற்றம். இன்றைக்கு விஜயதசமி, பேத்திக்குப் பேர் வைக்கிறோம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்த மகள் லோசனி இன்னும் இங்கேதான் இருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் தூத்துக்குடியிலிருந்து கிளம்பிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பிள்ளையின் காதில் முதலில் பேரைச் சொல்கிற உரிமை அம்மாவைப் பெற்ற அப்பாவுக்கு. மூன்று தரம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அந்தப் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாது. நிறைமதி. நினைக்கலாம், நினைப்பது சொல்வதில் சேராது. நிறைமதி, நிறைமதி, நிறைமதி. பெற்றவர்கள் இரண்டு பேரையும் விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும். செண்பகத்துக்குக்கூடச் சொல்லவில்லை, தன் பொண்டாட்டிக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருப்பதில் ஒரு மனுஷனுக்கு எவ்வளவு சந்தோஷம். “ஒங்ககிட்ட சொன்னா பயமே இல்லப்பா, நீங்களாவது ஒளறாம இருப்பீய” என்று லோசனி சொல்லிவிட்டு, சொன்னபிறகுதான் சொன்னதைக் கவனித்து, என் முகத்தைப் பார்த்தாள். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். அப்புறம் அவளும் சிரித்தாள், பாப்பா பயந்து முழித்துக்கொண்டது. போன் இருக்கிறதே, அதில் எழுதினால் பேசுமே என்பார்கள். பேசும். என் போனில் பேசுவது ஒரு பெண்பிள்ளை. மேடையில் வரவேற்புரை சொல்கிற மாதிரி நறுக்காகப் பேசுவாள். காய்கறிக் கடைக்குப் போனால் கடைக்காரன் “அண்ணாச்சி, அந்த அக்காவ தக்காளி எவ்வளவு வேணும்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க” என்கிறான். செண்பகம் அதற்கு மேல்: “கட்டினவ ஒருத்தி இருக்கும்போதே இன்னொருத்திய சட்டைப் பைக்குள்ள போட்டுட்டு அலையுதீய.” அந்தப் பெண்பிள்ளை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல மாதிரி, கூப்பிட்ட நேரத்துக்கு வருகிறாள். ஆனால் என் பேத்தியின் காதில் பேர் சொல்ல அவள் யார்?

அதற்காகத்தானே இவ்வளவும். ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது எல்லாரும் அழுதார்கள், லோசனி மட்டும் பெங்களூரிலிருந்து ஒரு மைக்கோடு வந்து இறங்கினாள். எனக்கே மைக்! ரகம் ரகமாக மைக் பார்த்தவனிடம் ஒரு மைக்கை நீட்டி, “இதுல பேசுங்கப்பா, எதையாவது பேசுங்க, பேசிட்டே இருங்க” என்றாள். பதிவுகளை இந்தப் பெட்டிக்குள் போட்டால், லினக்ஸில் இருக்கிற ஒரு மென்பொருள் அதையெல்லாம் மாவாக அரைத்து என் குரல் மாதிரியே ஒரு குரலைச் செய்யுமாம். அப்புறம் நான் எழுதுவதையெல்லாம் அந்தக் குரல் பேசுமாம். கட்டிலைச் சுற்றிப் போர்வைகளைக் கட்டி, சுவரில் மெத்தையைச் சாய்த்து, அந்தக் கூடாரத்துக்குள் புழுக்கத்தில் வேர்த்து வடிய உட்கார்ந்து பேசினேன். பேப்பர் வாசித்தேன், பஸ் நேரம் வாசித்தேன், சோப்பு டப்பாவில் எழுதியிருந்ததை வாசித்தேன், பச்சைச் சட்டை போட்ட குழந்தை ஒன்று மேடைக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருக்கிறது, பெற்றோர் உடனே வரவும் என்று இல்லாத குழந்தைக்கு அறிவிப்புச் சொன்னேன். “மேடையில பேசுற மாதிரி பேசாதீயப்பா, வீட்டுல பேசுற மாதிரி பேசுங்க” என்று லோசனி தலையில் அடித்துக்கொண்டாள். “இதுதான்ட்டீ நான் வீட்டுல பேசுற மாதிரி” என்றேன். அதுவும் பதிவில் இருக்கிறது. அப்புறம் மாசக்கணக்காக இந்தப் பழைய பெட்டி அரைத்தது. இடையில் கரண்ட் போகும், நின்றுபோகும், மறுபடியும் தொடங்கும். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, பொங்கலுக்குப் பானையைப் பார்க்கிறவன் மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நேற்று ஆயுதபூஜை. காலையில் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், முடிந்தது என்று எழுதியிருக்கிறது! உட்கார்ந்து ஒரு வார்த்தை எழுதிப் பார்க்கலாம் என்று நாற்காலியை இழுத்தேன், சந்தனக் கிண்ணத்தோடு செண்பகம் வந்து நிற்கிறாள். “பூசை அன்னைக்கு ஆயுதத்தத் தொடக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான். ஆம்ப்ளிபயருக்கு ஒரு நியாயம், இதுக்கு ஒரு நியாயமா?” அவள் சொன்னது சரிதான். கல்யாண முகூர்த்தமே வந்தாலும் ஆயுதபூஜை அன்றைக்கு என் ஆம்ப்ளிபயர் ஓய்வெடுக்கும், வந்த ஆர்டரை வேறு ஆளுக்குக் கைமாற்றிவிடுவேன். சரி, ஒரு நாள்தானே, மாசக்கணக்கில் காத்தவனுக்கு ஒரு நாளா பெரிது என்று அணைத்தேன். மிக்ஸி, சைக்கிள், தையல் மெஷின், அரிவாள்மனை, கேஸ் அடுப்பு எல்லாவற்றுக்கும் அவள் பொட்டு வைத்தாள், கம்ப்யூட்டருக்கு மட்டும் விடவில்லை, கிண்ணத்தை வாங்கி நானே வைத்தேன். ஆக, அந்தக் குரலை இதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அது நன்றாக வந்திருக்கிறதா, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வந்திருக்கிறதா, இல்லை வரவே இல்லையா, ஒன்றும் தெரியாது. காலையில் மறுபூஜை முடிந்து, கற்பூரம் காட்டி, ஆசையாகப் பொத்தானை அழுத்தினால் இந்த க்ரப்.

இவள்தான். துடைத்தது செண்பகம்தான், வேறு யார். நேற்று பூஜைக்கு முன்னால் ஈரத் துணியை எடுத்துக்கொண்டு வீட்டில் ஒரு சாமானை விடவில்லை, சுவர்க் கடிகாரத்தைக்கூடக் குளிப்பாட்டினாள். பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போயிருந்தால் போதும். கைதட்டிக் கூப்பிட்டேன். வந்தாள், கையெல்லாம் தேங்காய்த் துருவல். துடைக்கிற மாதிரி கையை ஆட்டிக் காட்டி, பெட்டியைக் காட்டி, புருவத்தை உயர்த்தினேன். “ஆமா, தொடச்சேன். மேலாப்புலதான் தொடச்சேன், உள்ள ஒண்ணும் கை விடல. ஒங்களுக்கு என்ன ஆனாலும் நான்தான், மழை பெய்யலன்னாலும் நான்தான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போகிறபோது திரும்பி, “வருமா, வராதா?” என்றாள். வரும் என்று தலையாட்டினேன். கழுத்து ஆடியது, மனசு ஆடவில்லை. பக்கத்துப் பலகையைக் கழற்று. திருகுகள் தட்டில், ஒன்று உருண்டு கட்டிலுக்கடியில் போகிறது, போகட்டும். உள்ளே பார்த்தால் தண்ணீரும் இல்லை, ஈரமும் இல்லை, எனக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கிறது. தூசிதான் விசிறியில் பஞ்சுபஞ்சாக ஒட்டியிருக்கிறது. குனிந்து உதட்டைக் குவித்து ஊதுகிறேன். ஒன்றும் வரவில்லை. கழுத்துத் துணிதான் அசைகிறது. இதுதான் எனக்கு இன்னும் பழகவே இல்லை. பேச்சுப் போனதுகூடப் பழகிவிட்டது, ஊத முடியாதது பழகவில்லை. காபியை ஊதிக் குடிக்க முடியாது, மூக்குக் கண்ணாடியை ஊதித் துடைக்க முடியாது, பேத்தியின் முகத்தில் லேசாக ஊதினால் கண்ணைச் சிமிட்டுமாம், செண்பகம் ஊதிக் காட்டினாள், நான் வேடிக்கை பார்த்தேன். பெயின்ட் பிரஷை எடுத்துத் தூசியைத் தட்டு. டிஸ்க்குக்குப் போகிற வயரைப் பிடுங்கி மறுபடியும் சொருகு. நான் வேலை செய்த காலமெல்லாம் கண்ட பாடம் ஒன்று உண்டு, எந்த மேடையில் சத்தம் வராவிட்டாலும் பத்துக்கு ஒன்பது லூஸ் கனெக்‌ஷன்தான். மெமரி குச்சியை எடுத்துத் துடைத்து மறுபடியும் மாட்டு. டக் என்று உட்கார்ந்தது. சாமி, இதுவாக இருக்கட்டும். பொத்தான், பச்சை விளக்கு, பீப். க்ரப்.

டிஸ்க் போய்விட்டதோ? இந்த நினைப்பைக் காலையிலிருந்து வாசலுக்கு வெளியே நிற்க வைத்திருந்தேன், இப்போது உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. டிஸ்க் போயிருந்தால் அந்தப் பதிவுகள் போச்சு, அரைத்துச் செய்த குரலும் போச்சு. மறுபடியும் பதிய என்னிடம் தொண்டை இல்லை. மேடைக்குப் போனால் மாற்று மைக், மாற்று வயர், மாற்று பியூஸ், குழாய்க்கு மாற்றுக் குழாய், எல்லாவற்றுக்கும் மாற்று வைத்திருப்பேன். என் குரலுக்கு மாற்று வைக்கவில்லை பார். முடிந்ததும் காப்பி எடுக்கலாம் என்று வாங்கிய பென் டிரைவ் சட்டைப் பையிலேயே இருக்கிறது, காலியாக. என் குரல் எப்படி இருக்கும்? யோசித்தால் வரமாட்டேன் என்கிறது. மற்றவர்களுக்கெல்லாம் அவரவர் குரல் மண்டைக்குள்ளிருந்துதான் கேட்கும், எனக்கு மட்டும் குழாய் வழியாக வெளியிலிருந்து கேட்கும். நான் “ஹலோ” என்பேன், அது கோபுரத்தில் போய் முட்டி, கொஞ்சம் தாமதமாக இன்னொரு “ஹலோ”வாக என்னிடமே திரும்பி வரும். ஒவ்வொரு தரமும் யாரோ எனக்குப் பதில் சொல்கிற மாதிரி சந்தோஷமாக இருக்கும். அது கனத்த குரலா, கீச்சா? செண்பகத்தைக் கேட்டால் “கேக்குற குரல்தான்” என்பாள். லோசனி பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறாள். குளிப்பாட்டி, மை வைத்து, புதுச் சட்டை. என்னையும் திறந்து கிடக்கிற பெட்டியையும் மாறி மாறிப் பார்க்கிறாள். “அப்பா, அத்தை போன் பண்ணாங்க. வல்லநாடு தாண்டிட்டாங்களாம்.” தலையாட்டினேன். “கம்ப்யூட்டர் சரியாகலன்னா பரவாயில்லப்பா. மாமாவ சொல்லச் சொல்லுவோம். இன்னொரு நாள் நீங்க சொல்லுங்க.” மாமா என்றால் சம்பந்தி. தங்கமான மனுஷர், நல்ல தொண்டை, தேவாரம் பாடினால் தெருவே நின்று கேட்கும். சொல்லட்டுமே, அதில் என்ன? என்னவா? வயிறெரிகிறது எனக்கு. அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு அவர் பாடட்டும், பேசட்டும், கொட்டாவி விடட்டும், என் பேத்தியின் காதில் முதல் தடவையாக அந்தப் பேர் போகிறபோது அது என் குரலில்தான் போக வேண்டும். இன்னொரு நாள் சொன்னால் அது கூப்பிடுவது, பேர் வைப்பது ஆகாது. இதையெல்லாம் போனில் எழுதி அந்தப் பெண்பிள்ளையைச் சொல்லச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. லோசனி கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினேன். புரிந்துகொண்டாள். “சரி, பாருங்க. நான் அவங்கள காபி குடிக்க வச்சு பேச்சுக் குடுத்து நிறுத்துதேன்” என்றாள். பாப்பா என்னைப் பார்த்து நாக்கை நீட்டியது. நானும் நீட்டினேன்.

சரி, இந்த க்ரப்பிடமே பேசிப் பார்ப்போம். காலையிலிருந்து அணைத்து அணைத்துப் போடுகிறேனே தவிர, வாசலில் நின்று என்ன வேண்டும் என்று கேட்கிறவனுக்கு ஒரு பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த ஆளை இப்படி நிற்க வைப்போமா? இணையத்தில் யாரோ எழுதி வைத்ததைப் போனில் தேடிப் பிடித்தேன். எல் எஸ் என்று இரண்டு எழுத்து அடித்தால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்வானாம். அடித்தேன். என்டரைத் தட்டினேன். கண்ணை மூடிக்கொண்டேன், ஒன்றும் இல்லை என்று வந்தால் பார்க்க வேண்டாம் என்று. திறந்தேன். டிஸ்க் இருக்கிறது! ஒன்று, இரண்டு என்று பாகம் பிரித்து வரிசையாகச் சொல்கிறான். இருக்கிறது, உயிரோடு இருக்கிறது. எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டாம் பாகத்துக்குள் என்ன? கேள். ஃபோல்டர்களெல்லாம் வீட்டு அறைகள் மாதிரி பெயர் பெயராக வருகின்றன. என் பெயர் இருக்கிற அறைக்குள்? கேள். கை தப்பி இரண்டு தரம் பிழையாக அடித்து, மூன்றாம் தரம் சரியாக அடித்தேன். பாட்டுகள், படங்கள், கரண்ட் பில், குரல். குரல்! நான் வைத்த பெயர்தான், அந்த அறைக்கு ‘குரல்’ என்று. அதற்குள்ளே என்ன என்று கேட்டால் பதிவுகள் சரசரவென்று ஓடுகின்றன, சோப்பு டப்பா, பஸ் நேரம், காணாமல் போன பச்சைச் சட்டைக் குழந்தை, எல்லாம் பத்திரம். கடைசியில் செய்து முடித்த அந்த ஒன்று, பெரிதாக, ஆற அமர உட்கார்ந்திருக்கிறது. ஆனந்தம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இனி நான் இந்தக் கறுப்புத் திரையைக் காட்டுவேன். கத்த வேண்டும் போலிருக்கிறது. கத்த முடியாததால் பெட்டியின் தலையில் தாளம் போட்டேன். கொல்லையிலிருந்து “என்னத்தப் போட்டு ஒடைக்கீய?” என்றாள் செண்பகம்.

அப்படியானால் சாமான் எல்லாம் இருக்கிறது, ஆளும் இருக்கிறான், ஏன் எழுப்ப மாட்டேன் என்கிறான்? ‘நார்மல்’ என்று அடித்தால் வழக்கமான வழிக்குப் போவான் என்று அந்த இணையக் குறிப்பில் போட்டிருந்தது. அடித்தேன். பளிச்சென்று பட்டியல் வந்தது, லினக்ஸ் என்று முதல் வரி, படிக்கும் முன்னே போய்விட்டது. மறுபடியும் க்ரப். மறுபடியும் நார்மல். வந்தது, போய்விட்டது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஆளைப் பிடிக்காமல் படாரென்று சாத்துகிற மாதிரி. யாரைப் பிடிக்கவில்லை? என்னையா? இன்னொரு தரம். இந்தத் தரம் அது தயங்குகிறது, ஒரு மூச்சு நேரம் நிற்கிறது, போகிறது. ஒரே மாதிரி போகவில்லை பார்த்தாயா. டிஸ்க் கெட்டால் ஒரே மாதிரி கெடும், வயர் அறுந்தால் ஒரே மாதிரி அறும், தொட்டும் தொடாமலும் இருப்பதுதான் இப்படி ஒவ்வொரு தரமும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஒரு கபடிப் போட்டியில் மைக் தானாக அணைந்து அணைந்து எரிந்தது, எல்லாரும் ஆம்ப்ளிபயரைத் திட்டினார்கள், கடைசியில் பார்த்தால் மைக்கின் ஸ்விட்ச் இடுக்கில் கடலை மிட்டாய்ப் பாகு. சரி, இங்கே யார் ஸ்விட்சை அமுக்குகிறது? பட்டியல் வரும்போதெல்லாம் ‘வேண்டாம், திரும்பிப் போ’ என்று சொல்கிறது யார்? வேண்டாம் என்று சொல்ல ஒரு பொத்தான் உண்டே. எஸ்கேப். கீபோர்டின் இடது மேல் மூலையில் இருக்கும். மூலையில். ஐயையோ. மூலையில் சந்தனம். கீபோர்டின் நாலு மூலைக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தது. வைத்தவன் யார், இந்தத் திரவியம். செண்பகம் வைத்திருந்தால் நகக்கண் அளவுதான் வைத்திருப்பாள். எனக்கு ஆசை. இதுதான் இனி என் தொண்டை, இதற்கு நன்றாகவே வைப்போம் என்று முதல் மூலையிலேயே கிண்ணத்தில் பாதியை அப்பினேன். ஈரச் சந்தனம் இடுக்கு வழியே உள்ளே வழிந்து, ராத்திரி முழுக்கக் காய்ந்து, பொத்தானைப் பாதி அமுங்கிய நிலையில் பிடித்து வைத்திருக்கிறது. விரலால் தொட்டுப் பார்க்கிறேன். ஆமாம், மற்றவை துள்ளுகின்றன, இது துள்ளவில்லை. ராத்திரி முழுக்க என் பக்தி இந்தப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. இதற்கா அவளைப் பழி சொன்னேன். வயிறு குலுங்குகிறது, துணி படபடக்கிறது, கண்ணில் தண்ணீர். வாய் இருந்திருந்தால் இந்நேரம் “கண்டுபிடிச்சுட்டேன்” என்று கத்தி நானே மாட்டிக்கொண்டிருப்பேன். இல்லாததால் மானம் தப்பியது. சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன். அவள் வரவில்லை.

ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் பொத்தானை லேசாக நெம்பினேன், பல் மாதிரி கழன்று வந்தது. அடியில் மஞ்சளாகச் சந்தனம், நடுவில் ஒரு துளி சிவப்பு. காது குடைகிற பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சுற்றிச் சுற்றித் துடைத்தேன். இதைத் துடைக்கலாமா, தோஷமா? சாமி, நீயே பார்த்துக்கொள், உனக்கு நெற்றி இருக்கிறது, இதற்கு இல்லை. பொத்தானை வைத்து அழுத்தினேன், டக். துள்ளியது. இன்னொரு தரம், டக். வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம், கதவுகள் சாத்துகிற சத்தம், சம்பந்தியின் கனத்த குரல் “என்ன அத்தான், எங்க இருக்கீய?” என்று அவருக்கு முன்னாலேயே கூடத்துக்குள் நுழைந்துவிட்டது, பின்னால் லோசனி “வாங்க மாமா, முதல்ல காபி” என்கிறாள், கெட்டிக்காரி, அப்படியே பிடித்து வை. பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு. பீப். கறுப்பு. வராதே, க்ரப், வந்துவிடாதே. வரவில்லை. எழுத்துகள் ஓடுகின்றன, வரி வரியாக, கீழே கீழே கீழே, என் வாழ்க்கையில் இவ்வளவு அழகாக எதுவும் ஓடியதில்லை. நீலத் திரை. என் படம் வைத்த திரை. கடவுச்சொல். பென் டிரைவை எடுத்துச் சொருகி முதலில் காப்பி, முதலில் அது, மறுபடியும் பைத்தியக்காரன் ஆகக் கூடாது. கோடு மெல்ல நிறைகிறது. நிறைந்துவிட்டது. இப்போது அந்த மென்பொருள். எழுதுவதற்கு ஒரு கட்டம், கீழே ‘பேசு’ என்று ஒரு பொத்தான். ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினேன். கை காதுக்குப் போகிறது, கேட்க வேண்டும், கேட்க வேண்டாம், மோசமாக இருந்தால் என்ன செய்வேன், மோசமாக இருந்தாலும் என்னுடையதுதானே, என் தொண்டையும் அவ்வளவு நல்லதாகவா இருந்தது. எதை எழுதிப் பார்ப்பது? பேத்தியின் பேரை இப்போது எழுதக் கூடாது, அது அவள் காதுக்குத்தான் முதலில். ஹலோ, மைக் டெஸ்டிங்? சீ, இத்தனை மாசம் கழித்து அதையா. விரல் அதுபாட்டுக்கு எழுதிவிட்டது. யோசிக்கவே இல்லை, பழக்கம். ‘செண்பகம்’ என்று எழுதியிருக்கிறது. பேசு.

“செண்பகம்!”

அது நான். சந்தேகமே இல்லை, அது நான்தான். கொஞ்சம் கரகரப்பு, ‘ச’வில் ஒரு அவசரம், கடைசியில் ஒரு அதட்டல், எனக்கே மறந்துபோன அதட்டல். சுவரில் முட்டி அது என்னிடம் திரும்பி வருவதற்கு முன்னாலேயே கொல்லையிலிருந்து செண்பகத்தின் பதில் வந்துவிட்டது: “வாரேன், வாரேன். அதுக்கு எதுக்கு இப்படிக் கத்துதீய? சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?” அதன் பிறகு கொல்லையில் ஒரு சத்தமும் இல்லை. கூடத்திலும் பேச்சு நின்றுவிட்டது. ஏதோ ஒரு பாத்திரம் சிமென்டுத் தரையில் விழுந்து உருண்டுகொண்டே போகிறது, யாரும் அதை எடுக்கவில்லை. ஓடி வருகிற காலடி கேட்கிறது. என் கன்னமெல்லாம் நனைந்திருக்கிறது, துடைக்க நேரமில்லை. அவள் வந்து சேருவதற்குள் இன்னொரு தரம் கூப்பிட்டுக்கொள்கிறேன்.